விட்டுப்போன நான்காம் கண்ணி

சென்ற திங்கள் ஒரு ஞாயிறன்று, நெய்யாற்றின்கரையை அடுத்த சிற்றூரில் வாழும் நம் பெரியம்மையின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். எழுபத்திரண்டு வயது நிறைந்த அவர் மேடையேறிப் பாடியவர் அல்லர். கொலுவின் முன்பும் மணவீடுகளிலும் பாடியவர். அறுபது ஆண்டுகளுக்கு முன் பாறசாலையில் தம் அத்தையிடம் அவர் கற்ற ஊஞ்சற்பாட்டு ஒன்று உண்டு. அதனை இயற்றியவர் யாரென்று நம் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அச்சில் நாம் கண்டதும் இல்லை. அதைப் பதிவு செய்யவே சென்றோம்.

முதலில் அவர் இசையவில்லை. மணமான புதிதில் பாடிப் பதிந்த ஒலிநாடா ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். நம் நாட்டு ஈரக்காற்றில் அது பூஞ்சை பிடித்துக் கெட்டிருந்தது. "அந்தக் குரலே போய்விட்டது, மக்களே. இந்தக் குரலை வைத்து என்ன செய்யப்போகிறாய்?" என்றார்.

அப்போது பாறசாலை பொன்னம்மாளின் பெயரைச் சொன்னோம். 1924இல் பாறசாலையில் பிறந்து, திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைப் பள்ளியின் முதல் மாணவியானவர் அவர். நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது இரவுகளிலும் சுவாதித் திருநாளின் ஒன்பது கீர்த்தனைகள் பாடப்பெறும். பன்னெடுங்காலம் பெண்குரல் ஒலியாத அம்மண்டபத்தில் முதற்பெண்ணாக அவர் பாடியது 2006இல்; அப்போது அவருக்கு 81 வயது. 2021இல் மறையும்வரை இசையுலகம் அவரைப் போற்றியது. முதுமைக் குரல் பாட்டிற்குக் குறையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பெரியம்மை சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, இளமையில் பாடியதினும் ஒரு கட்டை தாழ்த்திச் சுருதி வைத்துக்கொண்டார். மூன்று கண்ணிகள் தடையின்றி வந்தன. நான்காவதில் முதலடியோடு நின்றுவிட்டார். இருமுறை முயன்றும் வரவில்லை. அவர் கண்கள் கலங்கின. அத்தை மறைந்து ஆண்டுகள் பல ஆயின, நாடாவும் கெட்டது, இனி யாரைக் கேட்பது?

குழித்துறையிலுள்ள தம் மயினியின் நினைவு அவருக்கே வந்தது. உடனே தொலைபேசியில் அழைத்தோம். 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு வட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று இட்ட எல்லைக்கு அப்பாலிருந்து அம்மூதாட்டி இரண்டாம் அடியை மெல்லப் பாடினார். மூன்றாவதை இவர் எடுத்துக் கொடுத்தார். இருவருமாகக் கண்ணியை நிறைவு செய்தனர். ஒரே ஒரு சொல் மட்டும் இருவருக்கும் வரவில்லை. அவ்விடத்தில் இருவரும் முனகிக் கடந்தனர். அந்த முனகலும் பதிவில் உள்ளது. நாம் அதனை நீக்கவில்லை.

அன்பர்களே! முன்னாளில் 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொண்டது; அதற்காகப் பாட்டுகளைக் குறுக்கினர். இன்று கைப்பேசியில் அத்தடை இல்லை. ஆகவே எல்லாக் கண்ணிகளையும் பாடச் செய்யுங்கள். யாரிடம், எவ்வூரில், எவ்வயதில் கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். ஒரு கைப்பேசியோடு விட்டுவிடாமல், மூன்று வீடுகளிலேனும் படி இருக்கட்டும். ஒரே அலமாரியில் இருந்த நாடாவின் கதியைக் கண்டோம் அல்லவா?

பெரியம்மையின் பேத்தி அப்பாட்டை மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டாள். அவள் பள்ளியில் கற்றது அவ்வெழுத்தே. அதனை நாம் குறை கூறவில்லை. பக்கத்திலேயே தமிழில் எழுதிக் கொடுத்தோம். இரண்டிலும் ஒரு சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறோம். பாறசாலைக்கும் குழித்துறைக்கும் இடையே இரயிலில் சில நிமிடப் பயணமே. வரும் ஞாயிறன்று மயினியை அழைத்துவந்து, இருவரையும் அருகருகே அமர்த்திப் பாடச் செய்ய எண்ணியுள்ளோம். அச்சொல் அப்போது வரக்கூடும்.