ரேடியோ நெல்லும் ஈமு கோழியும்

"டிவியும் செல்போனும் சனங்களைக் கெடுத்துடுச்சு" என்பார் ஒருத்தர். "அதெல்லாம் பொழுதுபோக்குப்பா, அதைப் பார்த்து யாரு மாறப் போறாங்க" என்பார் இன்னொருத்தர். ரெண்டு பேருமே பாதிதான் பார்க்கிறார்கள். இதில் எங்கள் டெல்டாவுக்கே ஒரு பழைய அனுபவம் உண்டு.

1960-களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற நெல் வந்தது. குறுவைக்கு ஏற்ற குறுகிய கால ரகம். திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சியில் அதைப் பற்றி விடாமல் சொன்னார்கள். தஞ்சாவூர் ஜில்லா விவசாயிகள் அதற்கு வைத்த பெயரே 'ரேடியோ நெல்'! பெட்டி சொன்னதை நம்பி விதைத்தார்கள், விளைந்தது.

இன்னொரு கதையும் இருக்கு. டிவியிலும் பேப்பரிலும் ஈமு கோழி விளம்பரம் ஓயாமல் வந்ததே, ஞாபகம் இருக்கா? பணத்தைக் கட்டு, குஞ்சை வளர்த்துக் கொடு, மாசாமாசம் காசு வரும் என்றார்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கம் அது கவிழ்ந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் பணத்தைப் பறிகொடுத்து நின்றார்கள்.

வெறும் சீரியல்கூட மனசை மாற்றும். ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள், தமிழ்நாட்டையும் சேர்த்து இந்தியாவின் பல பகுதிக் கிராமங்களில் ஆய்வு செய்து 2009-ல் வெளியிட்டார்கள். புதிதாகக் கேபிள் டிவி வந்த ஊர்களில், புருஷன் அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்கள் குறைந்திருந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேணும் என்ற பேச்சும் குறைந்திருந்தது. யாரும் மேடை போட்டுப் பிரச்சாரம் செய்யவில்லை.

அப்போ, ஊடகத்துக்குப் பலம் இருக்கா என்பதில் சந்தேகமே வேண்டாம். அந்தப் பலம் நம்மை எப்போ கரையேத்தும், எப்போ கவிழ்க்கும் என்பதுதான் கேள்வி.

1956-ல் புனே பக்கம் சுமார் 150 கிராமங்களில், யுனெஸ்கோ உதவியோடு ஒரு சோதனை நடந்தது. ஊர்க்காரர்கள் கூடி உட்கார்ந்து ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி கேட்டார்கள். கேட்டு முடித்ததும் தங்களுக்குள் பேசினார்கள். சந்தேகத்தை வானொலிக்கே திருப்பி எழுதினார்கள். ரேடியோ மட்டும் இருந்து, இப்படிக் கூடிப் பேசாத ஊர்களோடு ஒப்பிட்டார்கள். கூடிப் பேசிய ஊர்களில்தான் விஷய ஞானம் நன்றாகக் கூடியிருந்தது.

ரேடியோ நெல்லுக்கும் அந்தத் துணை இருந்தது. பின்னால் ஆராய்ச்சி நிலையம் இருந்தது, விவசாய அதிகாரி இருந்தார், பக்கத்து வயலில் கதிர் கண்ணுக்குத் தெரிந்தது. ஈமுவுக்கு என்ன இருந்தது? விளம்பரம் மட்டும்தான். அந்தக் கறியை வாங்கித் தின்ன ஆள் எங்கே என்று நாலு பேர் உட்கார்ந்து பேசியிருந்தால் பாதிப் பேர் தப்பியிருப்பார்கள்.

இன்றைக்கு ஆளுக்கொரு போன். டீக்கடை பெஞ்சில் அஞ்சு பேர் இருந்தாலும் அஞ்சு பேரும் வேற வேற வீடியோ பார்க்கிறோம். "ஒரு ஏக்கரில் பத்து லட்சம்" என்று ஒருத்தர் சொல்கிறார். நஷ்டப்பட்டவர் வீடியோ போடுவதில்லை.

டவுனில் இருக்கிற உங்களுக்கும் இதே கதைதான். 2017-ல் பிளாஸ்டிக் அரிசி என்று ஒரு வதந்தி. சோத்தை உருட்டி எறிந்து, துள்ளுது பாருங்க என்று வீடியோ. சோத்தில் இருக்கிற மாவுச்சத்துக்கு உருட்டினால் துள்ளத்தான் செய்யும். நெல் போடுகிற ஒருத்தரைக் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். தக்காளி விலை ஏறினால் உங்கள் டிவியில் அன்றைக்கு முழுக்க அதுதான். விலை விழுந்து ரோட்டில் கொட்டினால் ஒரு நிமிஷம் காட்டுவார்கள். அதை மட்டும் பார்த்தால் விவசாயி கொள்ளை அடிப்பதாகத்தான் தோணும்.

டிவியை அணைங்க, போனைத் தூக்கிப் போடுங்க என்று நான் சொல்லமாட்டேன். உங்க சொந்தத்தில் விவசாயம் பார்க்கிற ஒரு மாமாவோ சித்தப்பாவோ கண்டிப்பாக இருப்பார். அரிசி, காய்கறி பற்றி அடுத்த வீடியோ வரும்போது, நாலு பேருக்கு அனுப்புவதற்கு முன்னால் அவருக்கு ஒரு போன் போடுங்க. அவரும் சந்தோஷப்படுவார்.