பிள்ளைகளுக்கு ஒரு விடுதி: மாத்தளை மக்களுக்குச் சீனத்திலிருந்து ஒரு திறந்த மடல்



எல்கடுவைப் பக்கத்து லயமொன்றில் பிறந்து, மருத்துவம் கற்கும் பொருட்டுத் தென்சீனத்துக்கு வந்து சேர்ந்தவனாகிய நான், விடுமுறையிலே குவாங்சோ மாநகரைச் சுற்றிப் பார்த்த விருத்தாந்தத்தை வீட்டுக்கு எழுதியபோது, அப்பா அதைக் கோயில் முன்றிலில் கூடியிருந்தவர்களுக்கும் வாசித்துக் காட்டியதாக அறிந்தேன். அக்கடிதத்தில் கோபுரங்களையும் கடைவீதிகளையும் பற்றி எழுதினேனேயன்றி, என் மனத்தில் ஆழப் பதிந்த ஒரு விஷயத்தை எழுதவில்லை. அது ஒரு குடும்பத்துக்கு மட்டும் சொல்லத்தக்கதன்று, ஊருக்கே சொல்லத்தக்கது என்று தோன்றியதால் அதனை இம்மடலில் வைக்கின்றேன்.

ஆங்கிலேயர் காண்டன் என்று வழங்கிய குவாங்சோ, முத்து நதியின் கரையிலே அமைந்த பழைய துறைமுக நகரம். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கே வாழ்வோர் 1 கோடியே 86 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். நமது இலங்கைத் தீவின் ஜனத்தொகைக்குச் சற்றே குறைந்த கூட்டம் ஒரே நகரத்தில் அடங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். நதிக்கரையில் 600 மீற்றர் உயரத்துக்கு நிற்கும் கோபுரத்தையும், 1957 முதல் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடந்துவரும் பிரசித்தி பெற்ற வர்த்தகச் சந்தையின் மண்டபங்களையும் கண்டு வியக்காதவர் இல்லை. ஆயினும் அவ்வியப்பு அன்றோடு அடங்கிவிடுகிறது.

நமக்கும் இந்நகரத்துக்கும் உள்ள தொடர்பு நேற்று ஏற்பட்டதன்று. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அநுராதபுரத்தில் இரண்டு ஆண்டுகள் தங்கியிருந்த பாகியன் என்னும் சீன யாத்திரிகர், அபயகிரி விகாரையிலே ஒரு வணிகன் காணிக்கையாக வைத்த வெண்பட்டு விசிறி தம் தேசத்தது என்று கண்டு கண்ணீர் விட்டாராம். தாயகம் திரும்பும் வழியில் அவர் இறுதியாக ஏறிய கப்பல் குவாங்சோவை நோக்கிப் புறப்பட்டதேயாயினும், புயலில் திசை மாறி வடக்கே சாந்துங் கரையில் ஒதுங்கிற்று. எட்டாம் நூற்றாண்டில் அமோகவச்சிரர் என்னும் துறவி குவாங்சோத் துறையிலிருந்தே இலங்கைக்குக் கப்பலேறினார். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409ஆம் ஆண்டு தேதியிட்டு நிறுத்திய கல்வெட்டு ஒன்று 1911இல் காலியிலே கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது. சீனம், பாரசீகம் ஆகியவற்றோடு தமிழும் அதில் இடம்பெற்று, தேனாவரை நாயனார் என்னும் தெய்வத்துக்கு அளித்த காணிக்கைகளைச் சொல்கின்றது.

ஆனால் தோட்டத்துப் பிள்ளையாகிய எனக்கு நெருக்கமாகப்பட்ட சரித்திரம் தேயிலையின் சரித்திரமே. 1757 முதல் 1842 வரை மேல்நாட்டு வணிகர்கள் சீனத்தோடு வியாபாரம் செய்வதற்குத் திறந்திருந்த துறை குவாங்சோ ஒன்றுதான். அக்காலத்தில் இலண்டன் குடித்த தேயிலை பெரும்பாலும் இங்கிருந்தே சென்றது. தேயிலைக்காகச் சீனத்தையே நம்பியிருந்த அந்நிலையை முதலில் அஸ்ஸாமும், கோப்பிப் பயிர் நோயால் அழிந்த பின்னர் இலங்கை மலைநாடும் மாற்றின. மன்னாரில் இறங்கி, காடு கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த நம் முன்னோர்கள் முதலில் கோப்பிக்கும் பின்பு தேயிலைக்கும் உழைத்ததனால்தான் அது சாத்தியமாயிற்று. 2023ஆம் ஆண்டிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்த நினைவு யாத்திரை, அந்த இருநூறு ஆண்டுக் கதையையே நாட்டுக்கு எடுத்துச் சொன்னது.

இனி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகின்றேன். நகரின் மேற்குப் பகுதியிலே சென் வம்சத்தார் மண்டபம் என்றொரு கட்டடம் இருக்கின்றது. ஒன்பது கூடங்களும் ஆறு முற்றங்களும் கொண்டு, கூரை முகடெங்கும் வண்ண மட்பாண்டச் சிற்பங்களும், சுவர்களில் செங்கற் சிற்பங்களும், கதவுகளில் மரச் சிற்பங்களும் நிறைந்த அதனை வழிகாட்டி முதலில் கலைக்கூடம் என்றே அறிமுகப்படுத்தினார். 1959 முதல் அது நாட்டார் கலைகளின் காட்சிசாலையாக இருந்து வருவதும் உண்மையே. ஆனால் 1888இல் தொடங்கி 1890களின் முற்பகுதியில் கட்டி முடித்தவர்களின் நோக்கம் வேறு. குவாங்துங் மாகாணத்தின் எழுபத்திரண்டு வட்டாரங்களில் சிதறி வாழ்ந்த சென் வம்சத்தார், கடல் கடந்து போயிருந்த தம் உறவினரிடமும் பொருள் சேர்த்து, அரச பரீட்சை எழுத மாகாணத் தலைநகராகிய இந்நகருக்கு வரும் கிராமத்துப் பிள்ளைகள் தங்கிப் படிப்பதற்காகவே இதனை எழுப்பினர். பொருள் கொடுத்தவர்கள் தத்தம் முன்னோரின் பெயர்ப்பலகையை இங்கே வைத்து வழிபட்டார்கள். முன்னோர் வழிபாடும் பிள்ளைகளின் படிப்பும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. 1905இல் அரச பரீட்சை முறையே ஒழிந்தபோதும் அம்மண்டபம் பாழ்படவில்லை; பள்ளிக்கூடமாயிற்று.

அம்முற்றத்தில் நின்றபோது, கடல் கடந்து போன சீனர்கள் பலரும் நம்மைப் போலவே கூலிகளாகப் போனவர்கள் என்பது ஞாபகத்துக்கு வந்தது. அமெரிக்காவின் மேற்கே மலைகளைக் குடைந்து இருப்புப்பாதை போட்டவர்களில் பெரும்பாலோர் இந்த மாகாணத்தவரே. பக்கத்து மாகாணமாகிய பூசியானிலிருந்து சிங்கப்பூர் சென்று இறப்பர் வியாபாரத்தில் பெரும்பொருள் ஈட்டிய தான் கா கீ என்பவர், 1913இல் தம் சொந்த ஊராகிய சிமேயில் பள்ளியையும் 1921இல் சியாமென் பல்கலைக்கழகத்தையும் ஸ்தாபித்தார். உலகப் பொருளாதார மந்தத்தில் அவருடைய நிறுவனம் நொடித்த பின்னரும் அப்பல்கலைக்கழகத்தை அரசாங்கம் ஏற்கும் வரை தாங்கி நின்றார். இறப்பர்ப் பால் வடித்த கைகள் மாத்தளையிலும் ஏராளம். ஆனால் அந்த இலாபம் நம்மவர் கைக்கு வந்ததில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். சீனனுக்குத் திரும்பிப் போகச் சொந்த மண் இருந்தது, வணிகச் செல்வம் இருந்தது. நமக்கோ 1948இல் பிரஜாவுரிமை பறிபோயிற்று, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது, எஞ்சியோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினை தீர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது, காணியுரிமை இன்றும் கைகூடவில்லை. இந்நிலையில் நம்மை அவர்களோடு ஒப்பிடுவது நியாயமா என்று பெரியவர்கள் கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே; அரசாங்கம் செய்ய வேண்டியதை நாம் செய்துவிட்டால் அதன் கடமை தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவுமில்லை. ஆனால் ஒன்றுகூடிப் பொருள் சேர்க்கும் வித்தை நமக்குத் தெரியாததன்று. சம்பளத்திலே மாதாமாதம் பிடித்துக்கொள்ளச் சம்மதித்த சிறு காசுகளால் தோட்டந்தோறும் கோயில் கட்டியவர்கள் நாம். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் மறுநாளே கைகொடுக்கும் மரண உதவிச் சங்கங்களை நடத்துபவர்கள் நாம். மாத்தளை முத்துமாரியம்மனுக்கு மாசி மகத்தன்று ஐந்து தேர் இழுக்கும் ஜனங்கள் நாம்.

அப்படியிருந்தும், பிள்ளையின் படிப்பு என்று வரும்போது ஒவ்வொரு குடும்பமும் தன்னந்தனியாகவே நிற்கின்றது. நான் இங்கு வந்தது அப்பாவின் சேமலாப நிதியாலும், அம்மாவின் அடகு நகையாலும், சிற்றப்பா வளைகுடாவிலிருந்து அனுப்பிய பணத்தாலுமே. என்னைவிடக் கெட்டிக்காரர்களாக இருந்த பலர், உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கப் பட்டணத்துக்கு வந்துபோக வழியில்லாமல் சாதாரண தரத்தோடு நின்று, கொழும்புக் கடைகளுக்குப் போனார்கள். ரத்தோட்டைக்கு மேலே, கந்தேநுவரைக்கு அப்பால் உள்ள தோட்டங்களிலிருந்து விடியுமுன் நடந்து, பஸ் பிடித்து, மாலையில் இருட்டிய பின் வீடு திரும்பும் ஒரு பெண்பிள்ளை எந்நேரம் படிப்பாள்? அவளுக்குக் குறைவு அறிவன்று. படுக்க ஓரிடமும் படிக்க ஒரு விளக்கும் மட்டுமே.

ஆதலால் என் விண்ணப்பம் இது. மாத்தளைப் பட்டணத்திலே, உயர்தரம் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு விடுதியை நாமே தொடங்குவோம். மண்டபம் வேண்டாம், முதலில் வாடகை வீடு ஒன்று போதும். பெண்பிள்ளைகளிலிருந்து தொடங்குவோம். ஒவ்வொரு தோட்டத்துக் கோயில் கமிட்டியும் திருவிழா வரவில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கட்டும். கொழும்பிலும் வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் உழைக்கும் நம் பிள்ளைகள் மாதமொரு தொகையை அனுப்பட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் தாய்மார்களும் நிர்வாகத்தை ஏற்கட்டும். வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் எல்லோர் பார்வைக்கும் வைப்போம். பட்டம் பெற்று நான் வாங்கும் முதற் சம்பளத்திலிருந்தே என் பங்கு வந்து சேரும். அதுவரை காத்திராமல், வருகின்ற மாசி மகத்துக்கு முன்னரே தோட்டத்துக்கு இருவராகக் கூடி இதைப் பற்றி ஒரு முடிவுக்கு வரும்படி உங்கள் எல்லோரையும் பணிவோடு வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் பிள்ளைகளில் ஒருவன்