பிக் பாஸ் வீட்டின் முதலாளி யார்?

சேலம்-ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவு மட்டும் இன்று மிஞ்சி நிற்கிறது. 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய படக் கம்பெனி அது. அவரும் முதலாளிதான், ஆனால் முதலாளி யார், அவர் கேட் எது என்று தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது.

இன்று மில் ஷிப்டு முடிந்தும், மரவள்ளிக் காட்டில் கூலி வேலை முடிந்தும் வந்து டி.வி.யில் பார்க்கிறோமே "பிக் பாஸ்", அது யாருடையது? 1999-ல் நெதர்லாந்தில் பிறந்த சரக்கு. 2017-ல் தமிழுக்கு வந்தது. தயாரித்த எண்டெமால் ஷைன் கம்பெனியை 2020-ல் பாரிசின் பானிஜே விழுங்கியது; அப்போது அதன் தலைமை அதிகாரி மார்கோ பாசெட்டி. செட்டு போட்ட தச்சன் பாரிசுக்குப் போயா கூலி கேட்பான்?

2018-ல் உள்ளூர்த் தொழிலாளருக்கு வேலை கொடு என்று ஃபெப்சி சம்மேளனம் குரல் எழுப்பியது. கோரிக்கை நியாயமே. ஆனால் மும்பையிலிருந்து வந்த தொழிலாளி நம் எதிரியல்ல. இருவரையும் மோதவிட்டால் லாபம் எவனுக்கு? கடல் தாண்டி உட்கார்ந்திருப்பவனுக்கே!

வீட்டுக்குள் இருப்பவரை வெளியேற்ற நம்மிடம் ஓட்டுக் கேட்கிறார்கள். வீட்டுக்காரனைக் கேள்வி கேட்க ஓட்டுப் பெட்டி இல்லை. அதற்குச் சென்னையும் மும்பையும் கைகோத்த சங்கமே வேண்டும்!