பச்சை வயர் என்ன பாவம் செய்தது?

சென்ற இதழில் எலெக்ட்ரிக் கிட்டாரின் ஹம்மை ஒழிக்க ஒரு நண்பர் வழி சொல்லியிருந்தார். ஆம்பின் த்ரீ பின் பிளக்கைத் திறந்து, பச்சை வயரைக் கழற்றிவிட்டு மறுபடி மூடிவிட வேண்டுமாம். ஐந்து நிமிட வேலை, பைசா செலவில்லை, உறுமல் நின்றுவிடும் என்கிறார். நிற்கும்தான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினால் மூட்டைப்பூச்சியும்தான் போய்விடும்.

நான் மெல்லிசைக் குழுக்களின் ஆம்ப், மிக்சர், கீபோர்டு எல்லாவற்றையும் பழுதுபார்த்துப் பிழைக்கிறவன். இதழ் வந்த இரண்டாம் வாரமே ஒரு பையன் ஆம்பைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தான்.

"அண்ணே, ஹம் சுத்தமா நின்னுடுச்சு. ஆனா பாடுறப்ப மைக்ல வாய் பட்டா சுர்ருங்குது."

"எர்த்தை எடுத்தியா?"

"ஆமாண்ணே. புக்ல போட்டிருந்துச்சு."

அந்தப் பையன் வராமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். தப்பும் தவறுமாக எழுதப்படுகிற எல்லாவற்றுக்கும் பதில் எழுத முடியுமா என்ன? பட்டறையிலேயே அவன் ஆம்பையும் கிட்டாரையும் இணைத்து, மிக்சரில் ஒரு மைக்கைச் செருகினேன். மீட்டரின் ஒரு முனையைக் கிட்டார் தந்தியிலும் மறுமுனையை மைக்கின் வலைத் தலையிலும் வைத்தேன். 108 வோல்ட். பையனுக்கு முகம் வெளிறிவிட்டது.

இந்த 108 எங்கிருந்து வந்தது? அவனுடையது எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை உள்ள ஆம்ப். அப்படிப்பட்டவற்றில் கரண்ட் நுழையும் இடத்திலேயே இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் இருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்து பாடிக்கும், இன்னொன்று நியூட்ரலிலிருந்து பாடிக்கும் போகும். லைனில் வரும் இரைச்சலை எர்த்தில் வடித்துவிடுவதுதான் அவற்றின் வேலை. வடிகாலை அடைத்துவிட்டால் தண்ணீர் தேங்கத்தானே செய்யும்? 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி ஆம்பின் பாடியில் நிற்கிறது. அதில் வரும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் உதட்டில் சுர்ரென்று சுடுவதோடு போகிறது. அந்தச் 'சுர்' ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். ஆளைக் கொல்வது வேறு.

என்றாவது ஒருநாள் உள்ளே ஒரு இன்சுலேஷன் உரிந்து ஃபேஸ் வயர் பாடியைத் தொடும். பச்சை வயர் இருந்தால் பெரிய கரண்ட் அதன் வழியே பாயும், ஃபியூஸ் போகும், ஆம்ப் செத்துவிடும். பாடகர் திட்டுவார், கமிட்டிக்காரர் முறைப்பார், அவ்வளவோடு சரி. பச்சை வயர் இல்லாவிட்டால் எதுவுமே நடக்காது, ஆம்ப் ஜோராகப் பாடிக்கொண்டிருக்கும். முழு 230 வோல்ட்டும் பாடியிலிருந்து ஜாக்குக்கும், கேபிளின் ஷீல்டுக்கும், கிட்டாரின் பிரிட்ஜுக்கும், அங்கிருந்து ஆறு தந்திகளுக்கும் வந்து காத்திருக்கும். இடது கை தந்தியில், உதடு மைக்கில். மைக் மிக்சர் வழியாக ஒழுங்காக எர்த் ஆகியிருக்கும். நடுவில் இருப்பது நெஞ்சு. 100 மில்லி ஆம்பியர் இதயத்தைத் தடுமாறவைக்கப் போதும். ஆம்பின் ஃபியூஸ் 3 ஆம்பியர் என்றால், அதைப்போல் 30 மடங்கு. அந்த ஃபியூஸ் உங்களுக்காக உருகப் போவதில்லை.

செல்போன் சார்ஜரிலும் இரண்டு பின்தானே இருக்கிறது, யார் செத்தார்கள் என்று நண்பர் கேட்கிறார். சார்ஜரைத் திருப்பிப் பார்க்கட்டும். சதுரத்துக்குள் சதுரம் போட்ட ஒரு சின்ன முத்திரை இருக்கும். உள்ளே இரட்டை இன்சுலேஷன் கொடுத்து, எர்த் தேவைப்படாதபடியே செய்த சாமான் என்று அதற்கு அர்த்தம். இரும்புப் பெட்டியில் செய்த ஆம்ப் அந்த ஜாதி இல்லை.

அடுத்து, அவருடைய துருப்புச்சீட்டு. அந்தக் காலத்து ஃபெண்டர் ஆம்ப்களில் இரண்டு பின்தான் இருந்தது, மேதைகள் எர்த் இல்லாமலே வாசித்தார்கள் என்கிறார். வாசித்தார்கள். சிலர் செத்தும் போனார்கள். ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ்லி ஹார்வி 1972 மே 3 அன்று வேல்ஸில் ஸ்வான்சி நகர மேடையில், எர்த் சரியில்லாத மைக்கை ஈரக் கையால் தொட்டுச் செத்தார். வயது 27. யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப் 1976 மே மாதம் தன் வீட்டிலேயே, எர்த் சரியில்லாத கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தபோது போனார். வயது 33. ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் 1965 டிசம்பரில் சாக்ரமெண்டோ மேடையில் கிட்டார் மைக்கில் பட்டுத் தூக்கியெறியப்பட்டு மயங்கி விழுந்தார். ரப்பர் அடி ஷூதான் காப்பாற்றியது என்பார்கள்.

அந்தப் பழைய ஆம்ப்களைப் பற்றி இன்னொன்றையும் நண்பர் சொல்லாமல் விட்டுவிட்டார். தெரிந்தே விட்டாரா என்று தெரியவில்லை. அவற்றின் பின்பக்கம் 'கிரவுண்ட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். லைனின் ஒரு பக்கத்துக்கோ மறுபக்கத்துக்கோ ஒரு கெபாசிட்டர் வழியாக பாடியைக் கோத்துவிடும் சுவிட்ச் அது. எந்தப் பக்கம் ஹம் குறைகிறதோ அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கெபாசிட்டர் ஷார்ட் ஆனால் பாடியில் நேராகக் கரண்ட். பழுதுபார்ப்பவர்கள் அதற்கு வைத்திருக்கும் பேர் 'டெத் கேப்'. இப்படி ஒரு ஆம்ப் கைக்கு வந்தால் முதல் வேலையாக அதை நறுக்கிவிட்டு மூன்று வயர் போட்ட கார்டை மாட்டுவார்கள். நம் நண்பர் அதற்கு நேரெதிராக, மூன்றை இரண்டாக்கச் சொல்கிறார்.

இத்தனைக்கும் வேர் ஒரே குழப்பம்தான். ஹம் என்றாலே எர்த்திலிருந்து வருவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கட்டுரை முழுக்க '60 சைக்கிள் ஹம்' என்றே எழுதியிருப்பதிலிருந்தே இது எங்கிருந்து எடுத்த சரக்கு என்று தெரிந்துவிடுகிறது. நம்மூர் லைனில் ஓடுவது 50. அறுபது அமெரிக்காவுடையது.

தன் காதால் ஒருமுறை கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. கிட்டாரின் ஆறாவது தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டினால் வருவது ஜி, 98 அதிர்வு. ஆம்பின் உறுமல் அந்த ஜிக்கு ஒரு மயிரிழை மேலே நின்றால் அது 100. ஆம்பின் பவர் சப்ளையில் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வற்றிப்போனால் கேட்பது பெரும்பாலும் அதுதான். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, வயிற்றில் கேட்பது போல உறுமினால் 50. பிக்கப்பும் கேபிளும் பிடிக்கிற உறுமலில் தூக்கலாகக் கேட்பது இது. இரண்டும் இல்லாமல் 'ஸ்ஸ்ர்ர்' என்று கரகரத்தால் லைட் டிம்மர், மலிவு எல்இடி, சோக் போன டியூப்லைட் என்று வேறு ஆட்களைத் தேட வேண்டும். காதே பாதி வேலையைச் செய்துவிடும். எல்லாவற்றுக்கும் பச்சை வயரைப் பிடுங்குவது, எந்த வியாதிக்கும் ஒரே மாத்திரை தரும் வைத்தியம்.

சிங்கிள் காயில் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய வயரை எட்டாயிரம் சுற்று அளவுக்குச் சுற்றியது. பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் இருந்தால் அதன் காந்தப்புலம் காற்று வழியாகவே காயிலுக்குள் போய்விடும். பிளக்கில் பச்சை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்ற இடத்தில் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஏதாவது ஒரு திசையில் உறுமல் சட்டென்று அடங்கும். அப்படி அடங்கினால் அது காந்த ஹம், எர்த்துக்குச் சம்பந்தமில்லை. ஆம்பை விட்டு இரண்டடி தள்ளி நிற்பதே பாதி மருந்து.

ஹம்பக்கர் பிக்கப்பை கம்பெனிக்காரர்களின் ஏமாற்று என்கிறார் நண்பர். கிப்சன் கம்பெனியில் சேத் லவர் 1955-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்து 1959-இல் பெற்ற சாமான் அது. இரண்டு காயில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இணைப்பு. வெளியிலிருந்து வரும் ஹம் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறி, இணையும்போது ஒன்றை ஒன்று தின்றுவிடும். காந்தங்களையும் தலைகீழாக வைத்திருப்பதால் தந்தியின் ஓசை மட்டும் கூடி வரும். இதில் எங்கே எர்த், எங்கே ஏமாற்று?

தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது, அதனால் கிட்டாரின் எர்த் கெட்டுவிட்டது என்று இன்னொரு தீர்ப்பு. தலைகீழ். பிரிட்ஜிலிருந்து ஜாக்குக்கு ஒரு வயர் போகிறது, அது நன்றாக இருப்பதால்தான் குறைகிறது. சுற்றிலும் இருக்கும் வயரிங்கின் இரைச்சலை நம் உடம்பு ஏரியல் மாதிரி வாங்கி பிக்கப்புக்குக் கொடுக்கிறது. தந்தியைத் தொட்டதும் உடம்பே ஷீல்டோடு சேர்ந்துவிடுகிறது. குறையாவிட்டால்தான் ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டும். நண்பரின் பேச்சைக் கேட்டுச் சரியாக இருந்த பிரிட்ஜ் வயரை எத்தனை பேர் பிடுங்கினார்களோ.

செம்புத் தகடு ஒட்டினால் எல்லா ஹம்மும் போகும் என்பதும் அரைகுறை. மேலே சொன்ன கரகரப்புக்கு அது நல்ல மருந்து, ஒட்டிய தகட்டை ஜாக்கின் கிரவுண்டோடு சேர்த்துப் பற்றவைத்தால். சேர்க்காவிட்டால் வெறும் அலங்காரம். 50 சைக்கிள் காந்தப்புலத்தைச் செம்பு கணிசமாகத் தடுக்க வேண்டுமென்றால் 9 மில்லிமீட்டர் கனத்துக்குப் போக வேண்டும். ரிச்சி தெருவில் கிடைப்பது காகிதக் கனம். ஒன்பது மில்லிமீட்டரில் கிட்டாருக்குக் கவசம் போட்டால் தோளில் மாட்ட ஆள் கிடைக்க மாட்டார்கள்.

நாய்ஸ் கேட்டைப் பற்றி ரொம்பப் பேசத் தேவையில்லை. வாசிக்காதபோது கதவைச் சாத்தும். வாசிக்கும்போது விருந்தாளியோடு திருடனும் சேர்ந்தே உள்ளே வருவான்.

ஒரு விஷயத்தில் நண்பர் சொன்னது சரி. ஐயாயிரம் ரூபாய் கேபிள் வாங்காதீர்கள் என்றார், வாங்காதீர்கள். நம்மூரில் பல சுவரில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டைதான் என்றும் சொன்னார், அதையும் மறுக்க மாட்டேன். ஒரு கோயில் திருவிழாக் கச்சேரியில் கிட்டார்க்காரர் ஷாக் அடிக்கிறது என்றதும் மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். மண்ணில் அடிக்க வேண்டிய எர்த் கம்பி ஜெனரேட்டர் வண்டியிலேயே சாக்குக்கு அடியில் படுத்திருந்தது. இதற்கெல்லாம் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடச் சொல்ல வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு எர்த் இல்லையே என்று இருக்கிறவனும் பிடுங்கிப்போடுவது என்ன நியாயம்?

கடைசியாக, அவர் பெருமையோடு எழுதிய ஆதாரம். டிஐ பாக்ஸிலேயே 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்ச் இருக்கிறதே, கம்பெனிக்காரனே எர்த்தைத் தூக்கச் சொல்கிறானே என்கிறார். அந்தச் சுவிட்ச் தூக்குவது மைக் கேபிளின் முதல் பின்னில் வரும் ஷீல்டை. சுவரிலிருந்து வரும் கரண்டின் எர்த்தை அது தொடுவதே இல்லை. இரண்டுக்கும் ஒரே பேர் இருப்பதால் இரண்டும் ஒன்றென்று நினைப்பது, மாமனாரும் 'அப்பா' என்று கூப்பிடப்படுவதால் சொத்தில் பங்கு கேட்பது மாதிரி.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய ஹம்முக்கான பதில் அவர் கட்டுரையிலேயே இருக்கிறது. ஆம்ப் ஹாலில் ஒரு பிளக்கில், அதோடு கேபிள் போட்டு இணைத்த கம்ப்யூட்டர் படுக்கையறையில் இன்னொரு பிளக்கில். இரண்டு எர்த்துக்கும் நடுவே கொஞ்சம் வோல்ட் வித்தியாசம் இருக்கும், அது கேபிளின் ஷீல்டு வழியாக ஓடும், ஓடுவது ஆம்பில் கேட்கும். இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறோம். பச்சை வயரைக் கழற்றியதும் அந்த வளையம் அறுந்தது, ஹம் நின்றது, நண்பர் சித்தாந்தம் எழுதிவிட்டார். வளையத்தை அறுக்க வேண்டிய இடம் ஆடியோ கேபிளில். நடுவில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் போதும். அதுகூட வேண்டாம், ஆம்பையும் கம்ப்யூட்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாலே அநேகமாக நின்றுவிடும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம். இன்றைக்கு ஸ்விட்சை அணைத்து, பிளக்கை உருவித் திறந்து பாருங்கள் நண்பரே. கழற்றிவிட்ட பச்சை வயர் உள்ளேயே சுருண்டு கிடக்கும். முனையைக் கொஞ்சம் சீவி, பெரிய பின்னின் திருகில் மாட்டி நன்றாக முடுக்குங்கள். அந்தப் பையனுக்கு நான் முடுக்கிக் கொடுத்துவிட்டேன்.