மூண்டாவது ஓட்டை சும்மா இல்லை

புளியங்கூடலிலை ஒருத்தருக்குக் கறன்ற் அடிச்சால் ஊர் சொல்லுறது இரண்டு வசனம்தான். "ஈரக்கையோடை தொட்டிருப்பான்." இல்லாட்டி, "அவன்ரை காலம்." இரண்டையும் நாங்கள் ஏற்கமாட்டம். தொட்டாலும் ஆள் சாகாமல் இருக்கத்தானே ஏர்த் வயர் எண்டு ஒண்டு இருக்கு!

அந்த வயர் எங்கடை சொக்கெற்றுகளுக்குள்ளை பல இடத்திலை ஒண்டிலையும் கொழுவாமல் சுருண்டு கிடக்குது. இன்னும் மோசம், சிலர் ஏர்த்தையும் நியூட்ரலையும் சொக்கெற்றுக்குள்ளையே ஒரு துண்டு வயராலை முடிஞ்சு விடுகினம். பல்ப்பைப் பிடிச்சுப் பாத்தால் எரியும். எல்லாம் சரியெண்டு காசையும் வாங்கிக்கொண்டு போயிடுவினம். பிறகு எப்பவாவது அந்த நியூட்ரல் கழண்டால் பிரிட்ஜ் கதவிலை 230 வோல்ற் நிக்கும். பிரிட்ஜ் பழுதாகவும் தேவையில்லை.

1990இலை இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, வெளிநாட்டுக் காசு வரவர அறை அறையாக் கட்டின வீடுகள் இவை. பழைய வயரிங்கிலை சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். புதிசிலை மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல். ஒரே வீட்டிலை இரண்டு கணக்கும் இருந்தால் மாறிக் கொழுவ எவ்வளவு நேரம் எடுக்கும்? மாறினால் சுவிட்சை நிப்பாட்டினாலும் உள்ளுக்கை கறன்ற் இருக்கும்.

எங்கடை நிலமும் லேசுப்பட்டதில்லை. கொஞ்சம் தோண்டவே சுண்ணாம்புக்கல். இறங்காத ஏர்த் கம்பியை அரைவாசியிலை அறுத்துவிட்டால் ஆர் பாக்கிறது? கோடையிலை மண் காயத் தடை ஏறும், உப்புக்காத்து கிளாம்பைத் தின்னும். மிஞ்சுறது 30 மில்லி அம்பியர் றிப் சுவிட்ச். அடிக்கடி விழுது எண்டு அதையும் விலத்தி டிரெக்ற்றாக் குடுக்கிறம். விழுறதுதானே அதின்ரை வேலை!

சதுர முள்ளு 13 அம்பியர் சொக்கெற்றிலை மேல் ஓட்டைக்குள்ளை முள்ளுப் போனால்தான் மற்ற இரண்டும் திறக்கும். சின்னப்பிள்ளை விரலை விடாமல் இருக்கச் செய்த பூட்டு அது. நாங்கள் பேனையைக் குத்தித் திறந்து இரண்டு முள்ளுச் சார்ஜரைச் செருகிறம்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு மின்சாரம் சீனா தாறதோ இந்தியா தாறதோ எண்டு 2021இலை இருந்து எவ்வளவு கட்டுரைகள். ஆர் தந்தாலும் கடைசியிலை வாறது இந்த ஓட்டைக்குத்தான். மீற்றர் வரைக்கும் மின்சாரம் தாறவையின்ரை பொறுப்பு, இஞ்சாலை எங்கடை தலை.

சனசமூக நிலையங்களிட்டை நாங்கள் கேக்கிறது இதுதான்: விளையாட்டு விழாக் காசிலை ஒரு ஏர்த் ரெஸ்ரர் வாங்குங்கோ. சான்றிதழ் உள்ள வேலைக்காரரைக் கூப்பிட்டு வீடுவீடாப் பாக்கச் சொல்லுங்கோ. வாசிகசாலையிலை இருந்தே தொடங்கலாம்.