மெலிஞ்ச கோழியும் வாடகை மண்ணும்



செம்பி மெலியிறாள் எண்டதை முதல் கண்டுபிடிச்சது நானில்லை, அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை டூங்காபியில இருந்து மரிக்வில்லுக்கு, எங்கட ஷெயார் வீட்டுக்கு வந்தவா. கோழியைத் தூக்கி நெஞ்சைத் தடவினா. “நெஞ்செலும்பு கத்தி மாதிரி நிக்குது. நீ இதைப் பாக்கேல்லையே பிள்ளை?”

ஒவ்வொரு நாளும் பாத்தனான். தொட்டுப் பாக்கேல்லை. இறகு எல்லாத்தையும் மூடிப்போடும். கோழி மற்ற மிருகங்களுக்கு இரையாகிற பிராணி, அதால வருத்தத்தை வெளியில காட்டாது. கொண்டை வெளிறி, கண்ணை மூடிக்கொண்டு மூலையில நிக்கிற நேரம் அது ஏற்கெனவே பிந்திப்போன நிலை. சமையலறைத் தராசில வைச்சுப் பாத்தம்: 1.4 கிலோ. வாங்கின புதுசில 1.9 இருந்தவள். கோழி வளர்க்கிற தோழர்கள் கிழமைக்கு ஒருக்கா நிறுத்து எழுதி வையுங்கோ. நான் செய்யாம விட்டது அதுதான்.

மெலியிறதுக்குக் காரணம் கனக்க. குடல் புழு, பேன், இரத்தக் கழிச்சல், மாரெக்ஸ் நோய், வயித்துக்குள்ள முட்டை உடைஞ்சு சீழ் பிடிக்கிறது. கழுத்தடியில இரை தங்குற பை காலமையும் வெறுமையாகாம இருந்தா அங்க அடைப்பு. அம்மா வெள்ளைக் கழிச்சலோ எண்டு பயந்தா. ஊரில அது வந்தா ஒரு கூடே போயிடும். இஞ்ச மற்ற ரெண்டு கோழியும் நல்லாத்தான் நிண்டதுகள். புழுவுக்கு மருந்து குடுத்தம், மாற்றமில்லை. மிருக வைத்தியர் கடைசியில இரத்தம் எடுத்துப் பாத்தா. ஈயம்.

எனக்கு அது புதுசு, ஆனா ஆய்வு செய்தவைக்குப் புதுசில்லை. மக்குவாரி பல்கலைக்கழகத்தில மார்க் டெய்லரின்ர குழு சிட்னியில 55 வீடுகளின் வளவுக் கோழிகளைச் சோதிச்சு 2022 இல் முடிவை வெளியிட்டது. ஏறத்தாழ ரெண்டுக்கு ஒரு கோழியின் இரத்தத்தில கவலைப்படுற அளவு ஈயம். வீட்டு முட்டையில சராசரியா கிலோவுக்கு 301 மைக்ரோகிராம், கடையில வாங்கின ஃப்ரீ ரேஞ்ச் முட்டையில 7.2. நாற்பது மடங்கு. நகர மையத்துக்குக் கிட்ட இருக்கிற பழைய பகுதிகளிலதான் ஆபத்து கூட, மெல்பேர்ண் தோழர்களுக்கும் இது பொருந்தும்.

அந்த ஈயம் எங்கயிருந்து வந்தது? 1970க்கு முந்தின வீடுகளின் பெயின்ட் உரிஞ்சு மண்ணில விழுந்தது. 2002 வரைக்கும் ஆஸ்திரேலியாவில வித்த ஈயப் பெற்றோலின் புகை தெருவோர வளவுகளில படிஞ்சது. ஈயம் உக்கிப் போற சாமான் இல்லை. கோழி நாள் முழுக்க அந்த மண்ணைக் கிளறிக் கொத்தித் தின்னுது, அவ்வளவுதான். விஷத்தை வித்த கொம்பனியள் லாபத்தோட போட்டினம், மிச்சம் எங்கட கோழிக் கூட்டுக்குக் கீழ கிடக்கு.

எனக்குப் பகீர் எண்டது கோழியை நினைச்சு மட்டுமில்லை. எங்கட வீட்டில இருக்கிற தோழி ஒருத்தியின்ர ரெண்டு வயசு மகன் நாளுக்கு ஒரு முட்டை சாப்பிட்டவன். சுப்பர்மார்க்கெட்டை நம்பாம எங்கட சாப்பாட்டை நாங்களே ஆக்கிறம் எண்ட பெருமையோட நான்தான் அவிச்சுக் குடுத்தனான். அவன்ர இரத்தமும் சோதிச்சம். 5 மைக்ரோகிராமுக்கு மேல போனாத்தான் இந்த நாட்டில காரணத்தைத் தேடச் சொல்லுவினம், அவனுக்கு அதுக்குக் கீழ. மூச்சு வந்தது. ஆனா ஈயத்தில பாதுகாப்பான அளவு எண்டு ஒண்டு இல்லை எண்டுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

எங்கட வட்டங்களில வளவுத் தோட்டத்தையும் கோழியையும் முதலாளித்துவத்துக்கு வெளியில போற வழி மாதிரிப் பேசுறம். நானும் பேசினனான். அந்தப் பேச்சு எனக்கு இப்ப கசக்குது. வேலிக்குள்ள இருக்கிற மண் வேலிக்கு வெளியில நடந்ததைத்தான் சேமிச்சு வைச்சிருக்கு. முட்டைக் கொம்பனி வித்த முட்டை நாங்கள் அன்பா வளர்த்த கோழியின்ர முட்டையை விடச் சுத்தம் எண்டு வந்தா, தனித்தனியா நல்லவராய் வாழுறதால தீர்க்கிற பிரச்சினை இது இல்லை.

வீட்டு ஏஜென்டுக்கு எழுதினம், மண்ணைச் சோதிச்சுத் தாங்கோ எண்டு. “கோழிக்கு அனுமதி எடுத்தனீங்களா?” எண்டு பதில் வந்தது. முந்தி எண்டா அதோட வாயை மூடியிருப்பம். 2025 மே 19க்குப் பிறகு நியூ சவுத் வேல்ஸில காரணம் சொல்லாம வாடகைக்காரரை எழுப்பேலாது. குடியிருப்போர் அமைப்புகள் வருசக்கணக்கா நிண்டு எடுத்த உரிமை அது. அந்தத் தைரியத்திலதான் ரெண்டாம் கடிதம் எழுதினம்.

கேட்கவேண்டியது பெரிசா ஒண்டுமில்லை. இந்த மாநிலத்தில வாடகை வீட்டுக்கு ஏழு குறைந்தபட்சத் தரங்கள் இருக்கு: கட்டடம், வெளிச்சம், காற்று, மின்சாரம், வடிகால், தண்ணி, குளியலறை. மண் அதில இல்லை. ஆனா கூரைக்குள்ள தளர்வான அஸ்பெஸ்டாஸ் அடைச்ச வீடு எண்டு பட்டியலில இருந்தா, வாடகைக்கு வாறவருக்கு அதை முதலே சொல்லவேணும் எண்டு சட்டம் இருக்கு. ஈயத்துக்கும் அதே மாதிரி ஒண்டு வேணும். சோதனைச் செலவும் மேல்மண் மாத்திற செலவும் வீட்டுச் சொந்தக்காரருக்கு. குடியிருப்புக்குக் கிலோ மண்ணில 300 மில்லிகிராம் வரை சரி எண்ட தேசிய வழிகாட்டி அளவையும் திருப்பிப் பாக்கவேணும், ஏனெண்டா முட்டை பாதுகாப்பா இருக்க மண்ணில 117க்குக் கீழ இருக்கவேணும் எண்டு அதே ஆய்வு சொல்லுது.

அதுவரைக்கும்: பழைய வீடெண்டா சோதிக்காத மண்ணில கோழியை விடாதேங்கோ. சுவரோரமும் பழைய கராஜ் பக்கமும்தான் மோசம். நல்ல மண் கொண்டுவந்து போட்டு, தீனைத் தரையில எறியாம பாத்திரத்தில வையுங்கோ. மக்குவாரியின் வெஜ்சேஃப் திட்டம் 2013 இல் தொடங்கி ஆயிரக்கணக்கான வீட்டுத் தோட்ட மண்ணைச் சோதிச்சிருக்கு. ஒரு தெருவில பத்து வாடகை வீடு சேர்ந்து சோதிச்சா அது முறைப்பாடு இல்லை, கோரிக்கை.

செம்பிக்கு ஈயத்தை இழுத்து வெளியேத்திற ஊசி போட்டது. அந்தச் செலவை நாலு பேர் பங்கு போட்டம். “ஒரு கோழிக்கோ?” எண்டு கேட்ட தோழருக்கு என்னட்டப் பதிலில்லை, அம்மாட்ட இருந்தது: “வளர்த்தது நீங்கள்தானே.” இப்ப அவள் டூங்காபியில, அம்மாவோட. கூட்டை இறக்க முதல் அம்மா கேட்டது, “இஞ்சத்த மண்ணைச் சோதிச்சனியோ?” சோதிச்சனான்.

போன கிழமை 1.7 கிலோ. திரும்ப முட்டையும் இடத் தொடங்கீட்டாள். ஈயம் எலும்பில தங்கி, ஓட்டுக்குக் கல்சியம் போகேக்க கூடவே வெளியில வரும். அதால அந்த முட்டையளை இப்போதைக்குக் குப்பையிலதான் போடுறம்.