ஒரே சாவியைச் செய்தது யார்?

“பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைக்காதே, எல்லாக் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டு போடாதே” என்று நமக்குப் பாடம் எடுக்கிறார்கள். பாடம் சரிதான். ஆனால் இ-ஆதார் கோப்பைத் திறக்கும் பாஸ்வேர்டு எது? ஆங்கிலத்தில் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும். இரண்டும் ஆதார் அட்டையிலேயே அச்சாகியிருக்கின்றன!

பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். அந்த 12 இலக்க எண்ணையும் கைரேகையையும் எங்கே போய் மாற்றுவது? வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசின் நலத்திட்டங்களுக்காக வரிசையில் நிற்கும் நம் மக்களுக்கு அந்த விடுதலை கிடைக்கவில்லை.

பாஸ்வேர்டை மாற்றுங்கள் தோழர்களே. கூடவே கேளுங்கள்: ஏழையின் எல்லாக் கதவுக்கும் ஒரே சாவியைச் செய்தது யார்?